வீரப்பன் ரீல்ஸில் வராத பெயர்கள்: ஒரு குற்றவாளி ‘ஹீரோ’ ஆவது எப்படி?

கொடுவாள் மீசை. காக்கி உடை. கையில் துப்பாக்கி. பின்னணியில் ஒரு மாஸ் பிஜிஎம். முப்பது நொடியில் ரீல் முடிந்துவிடும். கீழே கமென்ட் பகுதி முழுக்க ஃபயர் எமோஜி, ‘காட்டு ராஜா’ பட்டம்.

வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது 2004-ல். இன்று அந்த ரீலை ஷேர் செய்பவர்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மீசையைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிடுகிறது.

சரி, ஒரு சின்ன டெஸ்ட். அப்துல் கரீம் யார்? ஷகீல் அகமது யார்? பி.சீனிவாஸ் யார்?

தெரியாவிட்டால் அது உங்கள் தப்பு இல்லை. ஒரு குற்றவாளியை நாயகனாக்கும் கதைகளில் இந்த மாதிரிப் பெயர்கள் வருவதே இல்லை. அது ஏன், அந்தக் கதை எப்படி உருவாகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

முதலில், யார் இந்த அப்துல் கரீம்?

2000 ஜூலை 30. ஈரோடு மாவட்டம் தாளவாடி அருகே உள்ள தொட்டகாஜனூரில், கன்னட சூப்பர் ஸ்டார் ராஜ்குமாரை அவரது பண்ணை வீட்டிலிருந்து வீரப்பன் கடத்திச் சென்றார். பெங்களூரு கொதித்தது. இரண்டு மாநில அரசுகளும் பதறின. வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தடா சட்டத்தின் கீழ் மைசூரு சிறையில் இருந்தவர்களை விடுவிக்க வேண்டும் என்பது. அரசும் இறங்கி வந்தது. வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்ற அனுமதியும் கிடைத்தது.

அப்போது ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர்தான் அப்துல் கரீம். 1992-ல் வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் அப்பா.

மகனைக் கொன்ற கும்பலோடு தொடர்புடையதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை, அந்தக் கும்பலின் தலைவன் கேட்டான் என்பதற்காக விசாரணையே இல்லாமல் விடுவிக்கலாமா? இதுதான் அவர் முன்வைத்த கேள்வி. 2000 நவம்பர் 7 அன்று, வழக்கைத் திரும்பப் பெறத் தரப்பட்ட அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எட்டு நாள் கழித்து, நவம்பர் 15-ல் ராஜ்குமார் விடுதலையானார்.

108 நாள் கடத்தல் நாடகத்தைப் பற்றி படம், சீரியல், டாக்குமென்டரி எல்லாம் வந்துவிட்டன. இரண்டு அரசுகள் வளைந்த இடத்தில் நிமிர்ந்து நின்ற இந்த அப்பாவை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஒரு பார்வையில்: வீரப்பன்

• 1952: கர்நாடக எல்லைக்குள் இருக்கும், தமிழ் பேசும் கிராமமான கோபிநத்தத்தில் பிறப்பு. யானைத் தந்த வேட்டையில் தொடங்கி, பிறகு சந்தன மரக் கடத்தல்.

• 1991 நவம்பர் 10: வனத்துறை அதிகாரி பி.சீனிவாஸ் கொலை.

• 1992 ஆகஸ்ட் 14: மைசூரு எஸ்.பி. ஹரிகிருஷ்ணா, எஸ்.ஐ. ஷகீல் அகமது உள்ளிட்டோர் மீண்யம் அருகே பதுங்கித் தாக்கப்பட்டுக் கொலை.

• 1993 ஏப்ரல் 9: பாலாறு கண்ணிவெடித் தாக்குதல். 22 பேர் பலி.

• 2000: நடிகர் ராஜ்குமார் கடத்தல்.

• 2002: கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தல். டிசம்பரில் காட்டில் அவரது உடல்தான் கிடைத்தது.

• 2004 அக்டோபர் 18: தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, கே.விஜயகுமார் தலைமையிலான தமிழக அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இது சோஷியல் மீடியா கொண்டுவந்த வியாதியா?

இல்லை. ரீல்ஸ் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இது இருக்கிறது. 1923-ல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட நெல்லைச் சீமை ஜம்புலிங்கத்தின் கதை, தெற்கத்திப் பக்கம் பாட்டாகவே புழங்கியது. மேட்டூர் மலைப்பகுதியில் பேசப்பட்ட மம்பட்டியானின் கதை 1983-ல் ‘மலையூர் மம்பட்டியான்’ படமானது. ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடர் 1994-ல் ‘சீவலப்பேரி பாண்டி’யாகத் திரைக்கு வந்தது. அன்று பாட்டு, பிறகு பத்திரிகைத் தொடர், பிறகு சினிமா, இன்று ரீல். மேடைதான் மாறியிருக்கிறது.

உலகம் முழுக்க இந்த வழக்கம் உண்டு. பிரிட்டிஷ் வரலாற்று ஆய்வாளர் எரிக் ஹாப்ஸ்பாம் 1969-ல் கொள்ளையர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அரசின் பார்வையில் குற்றவாளி, ஊர்க்காரர்களின் பார்வையில் நியாயக்காரன் என்று இரட்டை முகம் கொண்டவர்களை அவர் ‘சமூகக் கொள்ளையர்’ என்றார். அவர்மேல் வந்த முக்கியமான விமர்சனம் என்ன தெரியுமா? நிஜக் கொள்ளையர்கள் பெரும்பாலும் ஏழைகளையும் சேர்த்தே சுரண்டினார்கள், பாட்டில் வரும் கொள்ளையன் வேறு, காட்டில் இருந்த கொள்ளையன் வேறு என்பதுதான்.

ஆனால் பாட்டுக் கட்டிய மக்களை முட்டாள்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1871-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பாலேயே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. அது நாடு முழுக்க ஒழிந்தது 1952-ல்தான். அரசாங்கம் ‘திருடன்’ என்று சொன்னால் அதை அப்படியே நம்பாத மனநிலை, இப்படிப்பட்ட அனுபவத்திலிருந்தும் வந்ததுதான்.

வீரப்பன் எப்படி ‘ஹீரோ’ ஆனார்?

1991-ல் வெளியான ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். வீரப்பனை நினைவூட்டும் வீரபத்திரன் அதில் வில்லன். காட்டிலாகா அதிகாரிதான் ஹீரோ. அங்கிருந்து ‘காட்டு ராஜா’ வரை கதை திரும்பியதற்கு நான்கு விஷயங்கள் முக்கியம்.

1. காக்கி மீதான கோபம்

சந்தன மரம் உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அது அரசாங்கச் சொத்து. 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகமும் தமிழகமும் சட்டத்தைத் திருத்தும்வரை இதுதான் நிலை. காட்டை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு வனத்துறை என்றால் அபராதம், அடி, வழக்கு. அந்த இடத்தில் மரம் வெட்டக் கூலி கொடுத்தவர் வீரப்பன்.

பிறகு அதிரடிப்படை வந்தது. விசாரணை என்ற பெயரில் கிராமத்தினரைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார்கள் குவிந்தன. மாதேஸ்வரன் மலை முகாமில் இருந்த சித்திரவதைக் கூடத்துக்கு ‘ஒர்க் ஷாப்’ என்றே பெயர் இருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2007-ல், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது.

தன் ஊர்ப் பெண்ணை போலீஸ் அடித்து இழுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த போலீஸையே ஓட விடுபவர் நாயகனாகத் தெரிவது ஆச்சரியமில்லை. இது வீரப்பனின் பெருமை அல்ல, அரசின் தோல்வி.

2. முகமும் குரலும்

1993-ல் நக்கீரன் இதழ் வீரப்பனின் பேட்டியை வெளியிட்டது. பிறகு நக்கீரன் குழு காட்டுக்குள் எடுத்த வீடியோவில் அவர் சிரிக்கிறார், நடித்துக் காட்டுகிறார், கதை சொல்கிறார். நல்ல கதைசொல்லி என்பதில் சந்தேகமில்லை. 2023 டிசம்பரில் ஜீ5-ல் வந்த ‘கூச முனிசாமி வீரப்பன்’ தொடரின் பலமே அந்த ஃபுட்டேஜ்தான்.

கேமரா முன்னால் உட்கார்ந்து ஒருவர் தன் கதையைத் தானே சொல்லும்போது, பார்க்கும் நமக்கு அவர் ‘தெரிந்தவர்’ ஆகிவிடுகிறார். அவரால் கொல்லப்பட்டவர்கள் பேசும் வீடியோ எதுவும் கிடையாது. அது இருக்கவும் முடியாது. இந்த விளையாட்டில் ஆரம்பத்திலேயே ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் மைக்.

3. ஒரு ‘கொள்கை’

ராஜ்குமார் கடத்தலின்போது வந்த கோரிக்கைப் பட்டியல் சாதாரணக் கடத்தல்காரனுடையது இல்லை. காவிரி நீர், 1991 காவிரிக் கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு இழப்பீடு, பெங்களூருவில் திருவள்ளுவர் சிலை திறப்பு, மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களின் கூலி என எல்லாம் அதில் இருந்தன.

எல்லாமே நியாயமான கோரிக்கைகளாக இருக்கலாம். ஆனால் அதைக் கேட்ட விதம், வயதான ஒரு நடிகரைப் பணயமாக வைத்து. அந்த 108 நாளும் அதற்கான பயத்தை அனுபவித்தது வீரப்பன் இல்லை, கர்நாடகத்தில் வாழ்ந்த சாதாரணத் தமிழர்கள். அதையும் மீறி, தந்தமும் சந்தனமும் கடத்தியவர் அந்தப் பட்டியலுக்குப் பிறகு சிலருக்குப் ‘போராளி’ ஆகிவிட்டார்.

4. கோர்ட் பார்க்காத மரணம்

கண் சிகிச்சைக்கு என்று நம்பவைத்து, ஆம்புலன்ஸ் போல மாற்றிய வண்டியில் அழைத்துவந்து சுட்டது அதிரடிப்படை. ‘ஆபரேஷன் கக்கூன்’ என்று பெயர். உண்மையில் அன்று என்ன நடந்தது என்ற கேள்வியை மனித உரிமை அமைப்புகள் எழுப்பின. அரசோ அதிரடிப்படையினருக்குத் தலா 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, பதவி உயர்வு என்று அறிவித்தது.

இதில் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை, அத்தனை வழக்குகளிலும் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் வாய்ப்பு அந்த இரவோடு போய்விட்டது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. யாரெல்லாம் சந்தனம் வாங்கினார்கள், எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார் என்பதும் வெளியே வரவில்லை. குறுக்கு விசாரணையைச் சந்திக்காத கதை எப்படி வேண்டுமானாலும் வளரும். வளர்ந்தது.

விலை கொடுத்தவர்கள் யார்?

போலீஸ் மட்டும்தான் வீரப்பனின் எதிரி என்பது ரீல்ஸ் உருவாக்கும் பிம்பம். பாலாறு வெடியில் செத்தவர்களில் போலீஸ்காரர்கள், வனக் காவலர்களோடு, துப்பு சொல்ல அழைத்துச் செல்லப்பட்ட உள்ளூர்க்காரர்களும் உண்டு. ‘போலீஸுக்குத் தகவல் சொன்னவன்’ என்ற சந்தேகம் ஒன்றே கிராமத்து ஆட்களின் உயிரை எடுக்கப் போதுமானதாக இருந்தது. பகலில் அதிரடிப்படைக்குப் பயம், இரவில் வீரப்பனுக்குப் பயம் என்று இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

பாலாறு வழக்கு என்ன ஆனது? நான்கு பேருக்கு மைசூரு நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை, 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையாக உயர்த்தியது. பத்து வருடம் தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்த பிறகு, கருணை மனு மீது முடிவெடுப்பதில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி, 2014 ஜனவரியில் அதே நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தலைவனுக்கு லெஜண்ட் பட்டம், கூட இருந்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு வாழ்நாள் சிறை.

யானைகளையும் மறந்துவிடக் கூடாது. ஆசிய யானைகளில் பெரிய தந்தம் இருப்பது ஆண்களுக்கு மட்டும்தான். தந்தத்துக்காகத் தேடித் தேடி ஆண் யானைகளைக் கொன்றால், அந்தக் காட்டின் ஆண்-பெண் விகிதமே சாய்ந்துபோகும். அது சரியாகப் பல தலைமுறை ஆகும். ‘காட்டைக் காத்தவர்’ என்று கமென்ட் போடும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

‘அவர் இல்லாவிட்டால் அந்த மக்களுக்கு யார்?’

இது அடிக்கடி வரும் கேள்வி. பதில் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது.

1992 ஜூன் 20. அரூர் அருகே சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீரப்பன் ஆதரவாளர்கள் சொல்லும் அரசு வன்முறைக்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் தேவையில்லை.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? சாட்சி சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் துணைக்கு வந்தார்கள். மிரட்டல், இழுத்தடிப்பு எல்லாவற்றையும் தாங்கி, கோர்ட்டில் நின்று ஆட்களை அடையாளம் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று அதை சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

31 வருடம் ஆனது. அந்தத் தாமதம் அநியாயம்தான். ஆனால் சீருடையில் வந்து கொடுமை செய்தவர்களைச் சட்டத்தின் முன் குனிய வைத்தது வீரப்பனின் துப்பாக்கி இல்லை, வாச்சாத்திப் பெண்களின் சாட்சியம். கெத்து என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பிஜிஎம் போட்டு எத்தனை ரீல் வந்திருக்கிறது இதற்கு?

அப்போ க்ரைம் கதைகளையே பார்க்கக் கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆபத்தைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு ஈர்ப்பு எல்லோருக்கும் உண்டு. ‘ஒரு மனுஷன் எப்படி இப்படி ஆனான்?’ என்ற கேள்வி தப்பான கேள்வியும் இல்லை. குற்றவாளியின் கதை வெளிவருவதைத் தடுப்பதும் தீர்வில்லை.

1994-ல் இதற்கு ஒரு முக்கியத் தீர்ப்பு வந்தது. கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயன்றபோது, அதிகாரிகள் தரப்பிலிருந்து தடை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. கூடவே தனிமனித அந்தரங்க உரிமையையும் அது அழுத்தமாகப் பேசியது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறை போன்ற குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பரப்பி அவரை மீண்டும் அவமானப்படுத்தக் கூடாது என்பதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். யூடியூப் சேனலுக்கும் இன்ஸ்டா பேஜுக்கும் இது பொருந்தும்.

சிக்கல் கதையில் இல்லை, கத்தரிக்கோலில்தான் இருக்கிறது. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’ நான்கு எபிசோட். வீரப்பனின் குடும்பம், அதிகாரிகள், கிராமத்தினர் எனப் பல தரப்பும் அதில் பேசுகிறது. அதிலிருந்து வெட்டிய முப்பது நொடியில் மிஞ்சுவது மீசையும் சிரிப்பும் மட்டும்தான். 

அடுத்த தடவை இப்படியொரு ரீல் வந்தால் மூன்று கேள்வி போதும். இதில் கொல்லப்பட்டவரின் பெயர் வருகிறதா? சொல்லப்படுவது கோர்ட்டிலோ விசாரணைக் குழுவிலோ பதிவானதா, அல்லது ஒரு தரப்பின் வாய்மொழி மட்டுமா? இந்தக் கதை பரவினால் லாபம் யாருக்கு?

கோபிநத்தம் யாரைக் கும்பிடுகிறது?

வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்துக்கு, அவரைப் பிடிக்கும் பொறுப்போடு வந்தவர் ஐ.எஃப்.எஸ். அதிகாரி பி.சீனிவாஸ். துப்பாக்கியோடு வீடு வீடாகப் புகுவதற்குப் பதிலாக அவர் வேறு வழி எடுத்தார். ஊருக்குள் மருந்தகம் நடத்தினார். வீடு கட்ட உதவினார். மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். கும்பலில் இருந்தவர்களைப் பேசிப் பேசிச் சரணடைய வைத்தார். வீரப்பனும் சரணடைவதாகத் தகவல் வந்தபோது அதை நம்பி, ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் போனார். அவரைச் சுட்டு, தலையைத் துண்டித்தார்கள். மறைவுக்குப் பிறகு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது.

அரசாங்கம் என்றால் அடி மட்டும்தான் என்பதைப் பொய்யாக்கிய ஒரு மனிதர் அவர். ஒருவேளை எல்லோரும் அவரைப் போல வந்திருந்தால், ‘காட்டு ராஜா’ கதைக்கு அந்த மலையில் இடமே இருந்திருக்காது.

மேட்டூர் அருகே மூலக்காட்டில் இருக்கும் வீரப்பன் சமாதிக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். அவர் பிறந்த கோபிநத்தத்தில், சீனிவாஸ் கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயிலுக்குள் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்கள்.

அது வீரப்பன் படம் இல்லை. சீனிவாஸ் படம்.